எறும்பு தந்த திராவகம்



ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூக்கை விட்டு நீங்காத சில வாசனைகள் உண்டு. புகைக்கூடத்தில் தொங்கும் ஷீட்டின் வாசனை ஒன்று. நாட்பட்ட கட்டிப்பாலின் நாற்றம் மற்றொன்று. பால் ஸ்டோரில் திராவக ஜாடியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் கண்ணில் நீரை வரவழைக்கும் காட்டமான நெடி இன்னொன்று. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட தோட்டங்களில்கூட, அந்த நெடியைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் உடனே முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்த ஜாடியில் இருந்தது ஃபார்மிக் அமிலம். லத்தீன் மொழியில் 'ஃபார்மிக்கா' என்றால் எறும்பு. ஆகவே ஃபார்மிக் அமிலம் என்பதற்கு எறும்புத் திராவகம் என்றே பொருள். டன் கணக்கில் பாலை உறைய வைத்த ஒரு பொருளுக்கு, காலடியில் ஊரும் எறும்பின் பெயர் எப்படி வந்தது?

எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம், "எறும்பு கடித்தால் ஏன் எரிகிறது?" என்று கேட்டால், "எறும்பிடம் அமிலம் இருக்கிறது, ஐயா" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கதை தொடங்குவது ஒரு பூவில். காப்பித் தூளில் கலக்கிறார்களே சிக்கரி, அது ஒரு செடியின் வேர். அச்செடி ஐரோப்பாவில் வேலியோரங்களில் தானாக வளர்ந்து நீல நிறத்தில் பூக்கும். அந்த நீலப் பூவை எறும்புப் புற்றின்மேல் போட்டுப் புற்றைக் கிளறிவிட்டால், எறும்புகள் சினந்து பூவின்மேல் ஏறும். அவை ஊர்ந்த இடமெல்லாம் பூவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூலிகை நூல் எழுதிய பழைய ஆசிரியர்கள் சிலர் இதைக் கண்டிருந்தார்கள். ஆனால் வேடிக்கையாகப் பார்த்ததோடு சரி.

இங்கே வீட்டில் இதைச் செய்து பார்க்க எறும்பு தேவையில்லை. நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுகிறார்களே, அந்தச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டு விடுங்கள். நீலம் மாறி ஊதாவாகும்; சாறு மிகுந்தால் சிவப்பை நோக்கிப் போகும். புளிப்புப் பட்டால் இத்தகைய நீலம் சிவக்கும். எனில், எறும்பிடம் ஏதோ ஒரு புளிப்பு இருக்கிறது என்றாகிறது அல்லவா?

அந்தக் கேள்வியை அச்சில் ஏற்றியவர் இங்கிலாந்தின் இயற்கையியல் அறிஞர் ஜான் ரே. செடி கொடிகளை இனம் பிரித்து எழுதியதில் பெரும் பெயர் பெற்றவர். அவர் 1671-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், லண்டன் அரச கழகத்தின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். எறும்பில் உள்ள புளிப்புச் சாற்றைப் பற்றிய கடிதம் அது. ஹல்ஸ் என்ற நண்பர் பூவை வைத்துக் கண்டவற்றையும், சாமுவேல் ஃபிஷர் என்ற மற்றொருவர் செய்த சோதனையையும் அதில் விவரித்திருந்தார். ஃபிஷர் செய்தது என்ன தெரியுமா? எறும்புகளைத் திரட்டி, வாலையில் இட்டுக் காய்ச்சினார். வடிந்து வந்த நீர் புளிக்காடியைப் போலவே இருந்தது. நல்ல வேலை செய்யும் அறிவு எப்போதும் அழகாக இருப்பதில்லை. சட்டி நிறைய எறும்பைக் காய்ச்சிய வீட்டில் அன்று என்ன நெடி அடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

புளிக்காடியைப் போல என்றால், புளிக்காடியேதானா? இந்த ஐயம் நெடுங்காலம் நீடித்தது. பெர்லின் நகரத்து இரசாயன அறிஞர் மார்கிராஃப் 1749-இல் இதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து அதன் குணங்களை ஆராய்ந்தார். பீட்ரூட் கிழங்கில் சீனி இருக்கிறது என்று உலகுக்குக் காட்டியவரும் இவரே. எறும்பின் அமிலம் வேறு, காடியின் அமிலம் வேறு என்பது அவர் காலத்திற்குப் பிறகே முழுதும் உறுதியாயிற்று. இரண்டும் பங்காளிகள்தாம். காடியின் அமிலத்துக்குள் இரண்டு கரி அணுக்கள் உண்டு. எறும்பின் அமிலத்தில் கரி அணு ஒன்றே ஒன்றுதான். அதனோடு இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இந்த இன அமிலங்களில் இதைவிடச் சிறியது கிடையாது. சிறியதாயினும் காடியைவிட வீரியமானது.

இனி எறும்பு தப்பித்த கதை. 1822-இல் ஜெர்மானியரான டோபெரைனர், திராட்சையிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமிலத்திலிருந்து இதைச் செய்து காட்டினார். 1855-இல் பிரெஞ்சுக்காரரான பெர்த்தெலோ இன்னும் ஒரு படி மேலே போனார். கரி அரைகுறையாக எரியும்போது வெளிப்படுகிறதே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, அதையும் காரத்தையும் சேர்த்தே எறும்பின் அமிலத்தை ஆக்கிவிட்டார். உயிருள்ள எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதன் பிறகு ஆலைகள் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. இன்று பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடையும் மெத்தனால் என்ற எரிசாராயத்தையும் கொண்டே செய்கிறார்கள். இந்த மெத்தனால் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது மறுபடியும் வரும்.

இது தோட்டத்துக்கு எப்படி வந்தது? அமேசான் காட்டில் ரப்பர்ப் பாலைக் கழியில் ஊற்றி, புகையில் சுழற்றிச் சுழற்றித்தான் உறைய வைத்தார்கள். 1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிறகு தோட்டங்கள் பெருகப் போகின்றன என்ற நிலையில், ஆயிரக்கணக்கான மரங்களின் பாலை அப்படிச் சுழற்றிக்கொண்டிருக்க முடியுமா? இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் பார்க்கின் என்ற இளம் அறிஞர், 1898, 1899 ஆண்டுகளில் இதை ஆராய்ந்தார். பாலோடு அளவறிந்து அமிலத்தைச் சேர்த்தால் சுத்தமான ரப்பர் உறைந்து கிடைக்கும் என்று காட்டினார். அவர் பரிந்துரைத்தது காடியின் அமிலமான அசெட்டிக் அமிலம். தோட்டங்கள் முதலில் அதைத்தான் வாங்கின. பின்னர், குறைந்த அளவே போதும், விலையும் மலிவு என்பதால் ஃபார்மிக் அமிலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பால் ஏன் உறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலில் ரப்பர் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் புரதம் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையில் எதிர்மின்னேற்றம் உண்டு. ஒரே வகை மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே உருண்டைகள் ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னேற்றம் அழிகிறது. தள்ளுவதற்கு ஏதுமில்லாமல் போய், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அம்மோனியா ஊற்றினால் பால் உறையாமல் இருப்பது இதற்கு நேர் எதிரான காரணத்தால். ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு ஏறத்தாழ 4, 5 கிராம் அமிலமே போதும். அதையும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காக நீரில் கரைத்தே ஊற்ற வேண்டும்.

ஜாடியில் வருவதோ நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு அமிலம். தண்ணீரில் அமிலத்தைத்தான் மெல்ல ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணில் தெறித்தால் வேறெதையும் தேடி ஓடாமல், ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் கொடியது. பார்வைக்கு இது தண்ணீர் போலவே இருக்கும். குடித்த பிள்ளைக்குத் தொண்டையும் வயிறும் வெந்துபோவதோடு, சிறுநீரகமும் கெடும். சிறு தோட்டக்காரர்கள் இன்றும் கட்டிப்பாலுக்கு இதை வாங்குவதால் சொல்கிறேன்.

சரி, எறும்புக்குத் திரும்புவோம். எந்த எறும்பு?

பால் மரத்திலும், ரம்புத்தான் மரத்திலும் இலைகளை ஒட்டவைத்துக் கூடு கட்டும் சிவந்த எறும்பை அறியாதவர் யார்? மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். நம் பாட்டன் ஊரில் முசுறு என்பார்கள். இந்த எறும்புக்குக் கொடுக்கே கிடையாது என்றால் நம்புவீர்களா? அது தாடையால் தோலைக் கிள்ளுகிறது. பிறகு வயிற்றின் நுனியை முன்னே வளைத்து, கிள்ளிய புண்ணில் அமிலத்தைப் பீச்சுகிறது. பீச்சுவது அசல் ஃபார்மிக் அமிலம். கெரெங்காவும், ஐரோப்பாவில் ஃபிஷர் போன்றவர்கள் காய்ச்சிய காட்டெறும்பும் ஒரே குடும்பம். இக்குடும்பத்துச் சில எறும்புகளின் நஞ்சில் பாதிக்கும் மேல் இந்த அமிலமே இருக்கும். அமிலத்தோடு அண்டெக்கேன் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களும் வேறொரு சுரப்பியிலிருந்து வெளிவரும். மெழுகு பூசிய பூச்சி உடம்பின்மேல் அமிலம் வழுக்கிப் போகாமல் பரவிப் பிடிக்க அவை உதவுகின்றன. இவ்வளவு காரமான திராவகம் எறும்பின் வயிற்றையே ஏன் அரிக்கவில்லை? நஞ்சுப் பையின் உட்புறம், எறும்பின் மேலோடு எதனால் ஆனதோ அதே பொருளால் வேயப்பட்டிருக்கிறது. சுரப்பிக்குள் அமிலம் உப்பு வடிவத்தில் உருவாகி, பைக்குள் போன பிறகே வீரியம் பெறுகிறது.

கெரெங்கா கடித்தால் தண்ணீரில் கழுவினால் போதும். ஓர் எறும்பிடம் உள்ள அமிலம் ஒரு கடுகின் எடைகூட இராது.

ஆனால் திடலிலும் வாசற்படியிலும் மண்ணைக் கிளறிப் புற்று வைக்கும் சின்னஞ்சிறு நெருப்பெறும்பு இருக்கிறதே, அது வேறு சாதி. மலாயில் செமுட் ஆப்பி. இது தாடையால் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துக் கொடுக்கால் திரும்பத் திரும்பக் குத்தும். முதலில் தீயாய் எரியும். மறுநாள் சீழ் வைத்தாற்போலச் சிறு கொப்புளம் எழும். இதுவும் ஃபார்மிக் அமிலம்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. எறும்பென்றால் அந்த அமிலம் என்று பெயரே வைத்தாகிவிட்டதே, யார் சந்தேகப்படுவார்கள்!

இந்த நம்பிக்கையைக் குலைத்தது ஒரு தொல்லை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒரு நெருப்பெறும்பு 1930-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் துறைமுகம் ஒன்றில் வந்திறங்கி, தென் மாநிலங்களில் பரவி, வயலில் வேலை செய்பவர்களைக் குத்தித் தள்ளியது. லூயிசியானாவில் மர்ரே பிளம் என்ற பூச்சியியல் அறிஞரும் அவர் தோழர்களும் அதன் நஞ்சைத் துளித்துளியாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1958-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது: அந்த நஞ்சு பூச்சியைக் கொல்கிறது, கிருமியையும் கொல்கிறது, ஆனால் தெரிந்த எறும்பு நஞ்சு எதையும் அது ஒத்திருக்கவில்லை. அது இன்னதென்று அறிய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1970-இல் மெக்கானல், பிளம், ஃபேல்ஸ் ஆகிய மூவரும் அதன் அமைப்பைக் கண்டு, சோதனைச்சாலையில் அதைச் செய்தும் காட்டினார்கள். அது அமிலமே அன்று. காரத் தன்மையுள்ள அல்கலாய்டு, எண்ணெய் போன்றது. நஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் அதுதான்.

அந்த அல்கலாய்டின் நடுவே பைப்பரிடின் என்ற வளையம் இருக்கிறது. பைப்பர் என்றால் மிளகு. மிளகின் காரப் பொருளிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் வந்த பெயர் அது. கிரேக்க ஞானி சாக்ரட்டீசு குடித்த ஹெம்லாக் நஞ்சிலும் இதே வளையம்தான். ரசத்து மிளகிலும், சாக்ரட்டீசின் கிண்ணத்திலும், வாசற்படி எறும்பிலும் ஒரே வளையம். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற அணுக்களைப் பொறுத்து ஒன்று உணவாகிறது, ஒன்று கொல்கிறது, ஒன்று கொப்புளமாக்குகிறது.

நம் நாட்டில் காணும் வெப்பமண்டல நெருப்பெறும்பும் இந்த நாட்டுப் பிறவி அன்று. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதன் பயணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. மெக்சிக்கோவின் அக்கப்புல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு ஸ்பானியர்களின் கப்பல்கள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. கப்பல் நிலையாக இருக்க அடித்தட்டில் மண்ணைப் பாரமாக ஏற்றினார்கள். மணிலாவில் அந்த மண்ணைக் கொட்டினார்கள். மண்ணோடு எறும்பும் இறங்கியது. மணிலாவிலிருந்து ஆசியாவின் மற்றப் பகுதிகளுக்குப் பரவியது. நம் முன்னோர் கப்பலேறி இங்கே வந்ததற்கு முன்பே கடல் கடந்த எறும்பு அது.

இங்கே வேதியியல் வீட்டு வைத்தியத்தைத் தொடுகிறது. எறும்பு கடித்தால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவுவது பாட்டிமார் வழக்கம். அமிலத்தைக் காரம் முறிக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. கெரெங்காவுக்குப் பொருந்தும் கணக்கு. நெருப்பெறும்பின் நஞ்சே காரமாக இருக்கும்போது சுண்ணாம்பு எதை முறிக்கும்? மேலும், கொடுக்கு நஞ்சைத் தோலுக்குள் செலுத்திவிட்டது. மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. தோல்தான் சுண்ணாம்பில் வேகும். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணியை வைத்து, கொப்புளத்தைக் கிள்ளாமல் விடுவதே நல்லது. அந்தக் கொப்புளத்தில் உள்ளது கிருமி வைத்த சீழ் அன்று. கிள்ளினால்தான் கிருமி புகும்.

நஞ்சில் மிகச் சிறு பங்கு புரதமும் உண்டு. எரிச்சலுக்கு அது பெரிய காரணமில்லை. ஆனால் தேனீ, குளவி நஞ்சைப் போலவே, ஒத்துக்கொள்ளாத உடம்பில் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குவது இந்தத் துளிப் புரதமே. குத்திய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடும் முகமும் வீங்கி, மூச்சுத் திணறி, மயக்கம் வந்தால், தைலம் தேடக்கூடாது. உடனே மருத்துவமனை; அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. கொடுக்குள்ள கட்டெறும்புக்கும் இதுவே பொருந்தும்.

மெத்தனால் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். தோட்டங்களை நெடுங்காலம் அழித்த சம்சுவில், மலிவுக்காகக் கலந்த விஷம் பல வேளைகளில் அதுதான். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் தானாக அவ்வளவு கெடுதி செய்வதில்லை. நம் ஈரல் அதை மாற்றுகிறது. முதலில் ஃபார்மலின் மருந்தில் உள்ள ஃபார்மல்டிஹைடாக, பிறகு ஃபார்மிக் அமிலமாக. ஆம், அதே எறும்புத் திராவகம், இப்போது இரத்தத்துக்குள்! இரத்தம் புளிப்பதற்கும் பார்வை போவதற்கும் காரணம் இந்த அமிலமே என்பதை, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களில் குரங்குகளை வைத்து நிறுவினார்கள். உயிரணுக்கள் மூச்சுக்காற்றைப் பயன்படுத்த முடியாதபடி இது தடுத்துவிடுகிறது. கண் நரம்பு முதலில் பலியாகிறது.

ஈரல் மாற்றிக்கொண்டிருக்க நேரமாகும். ஆகையால் குடித்தவர் அன்றிரவு நன்றாகத் தூங்குவார். மறுநாள்தான் தலைவலியும் வாந்தியும், கண்முன் வெண்புகை பரவியதுபோன்ற மங்கலும் தோன்றும். "நேற்றுக் குடித்த மயக்கம் இன்னும் தெளியவில்லை" என்று வீட்டார் படுக்கவைத்துவிடும் அந்த நேரமே, கண்ணையும் உயிரையும் காப்பாற்றக்கூடிய நேரம்.

நம் உடம்பிடம் இந்த அமிலத்தை அழிக்க வழி இல்லாமல் இல்லை. கீரையில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினின் துணைகொண்டுதான் அழிக்கிறது; ஆனால் மிக மெதுவாக. எறும்பைப் பற்றி 1978-இல் ஹெஃபெட்ஸ் என்பவரும் அதே மர்ரே பிளமும் கண்டறிந்ததை இங்கே சொல்ல வேண்டும். எறும்பு தன் திராவகத்தைத் தயாரிப்பதும் அதே வைட்டமினின் துணையால்தான். நாம் அழிக்கப் பயன்படுத்தும் கருவியை அது ஆக்கப் பயன்படுத்துகிறது. மெத்தனால் நஞ்சேறிய நோயாளிக்கு மருத்துவமனையில் மற்ற மருந்துகளோடு ஃபோலினிக் அமிலமும் ஏற்றுகிறார்கள். ஈரலின் அந்த மெதுவான வேலையைச் சற்று விரைவுபடுத்தத்தான்.